பழைய ஹைலக்ஸ் கெப்: நேர்ப்பாதையில் அலைகிறது, ஸ்டியரிங் பொக்ஸ்தான் குற்றவாளியா?

வன்னிவயல் (கிளிநொச்சி):

வணக்கம். வாகனம் 1993 ஹைலக்ஸ் டபுள் கெப், எல்.என்.106, 2.8 டீசல், முன்னுக்கும் முழு அச்சும் ஸ்பிரிங் பட்டையும் உள்ள வகை, பவர் ஸ்டியரிங். வயலுக்கும் ஆலைக்கும் ஓடுகிற வாகனம், சில நாள் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய் வரும். பிரச்சினை என்னவென்றால் 60க்கு மேலே போனால் நேராகப் போகாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது வேறு கதை, இது இடமும் போகும் வலமும் போகும், நான் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். எதிரே பஸ் வந்தால் கை வியர்க்கிறது.

இதுவரை நடந்தது: முன் ரயர் இரண்டும் புதிது, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, ஒரு கராஜில் ஸ்டியரிங் டம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்குகிற சொக்) மாற்றினார்கள், ஒரு கிழமை நன்றாக இருந்த மாதிரி இருந்து பழையபடி வந்துவிட்டது. இப்போது அதே கராஜில் "பொக்ஸ் முடிஞ்சுது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழசொன்று எடுத்துப் போடுவம்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் அரைப்போக நெல் போய்விடும். காசு கொடுக்க முதல் உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

கிரீஸ்கை (வவுனியா):

தம்பி, பொக்ஸுக்குக் காசு கொடுக்காதே. கொடுக்க வேண்டி வந்தாலும் அது கடைசியில்தான்.

இந்த வாகனத்தில் ரோட்டுக்கும் உன் கைக்கும் நடுவில் எத்தனை மூட்டு இருக்கிறது என்று யோசி. ரயர், சில்லுப் பெயரிங், கிங்பின் பெயரிங் (சில்லு இடமும் வலமும் திரும்புகிற அச்சாணியில் இருப்பது), டை ரொட் எண்ட் (முன் சில்லு இரண்டையும் இணைக்கிற கம்பியின் முனை), டிராக் லிங்கின் (பொக்ஸ் பக்கம் இருந்து சில்லுக்குப் போகிற தள்ளு கம்பி) இரண்டு முனை, ஸ்டியரிங் ஆம் (அந்தக் கம்பியைச் சில்லுப் பக்கம் பிடிக்கிற கை), பிட்மன் ஆம் (பொக்ஸில் இருந்து வருகிற கை), பிறகுதான் பொக்ஸ் (ஸ்டியரிங் சுற்றை அந்தக் கைக்குக் கொடுக்கிற பற்சக்கரப் பெட்டி), அதற்கு மேலே ஸ்டியரிங் கொலத்தில் இருக்கிற இறப்பர் கப்ளிங். இதில் ஒவ்வொன்றிலும் தலைமயிர் அளவு ஆட்டம் இருந்தாலே கூட்டிப் பார்க்க ஸ்டியரிங்கில் மூன்று விரல் அகலம் வந்துவிடும். டொயோட்டா தருகிற எல்லை ஸ்டியரிங் வளையத்தில் 30 மில்லிமீட்டர். முதலில் அதை அளந்து சொல்லு. எஞ்சின் ஓடவேண்டும், சில்லு நேராக நிற்கவேண்டும், சில்லு அசையத் தொடங்கும் வரைக்கும் வளையம் எவ்வளவு போகிறது என்று அடிமட்டத்தைப் பிடித்துப் பார்.

பிறகு செய்யவேண்டியது இதுதான், இதற்கு ஒரு சதமும் செலவில்லை. வாகனத்தை ஜக்கில் தூக்காதே. சில்லு நிலத்தில், பாரம் அச்சில் இருக்கவேண்டும், தூக்கினால் ஆட்டம் ஒளிந்துவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்து பின் சில்லுக்குக் கட்டை வை. ஒருவர் மேலே இருந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டவேண்டும், முழுக்கத் திருப்பக் கூடாது. நீ கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வை. கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. மூட்டின் இரண்டு பகுதியிலும் விரலை ஒன்றாக வைத்தால் ஒன்று அசைந்து மற்றது பிந்துவது உடனே தெரியும்.

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லு. வெறுமையாக ஓடும்போது கூடவா, நெல் மூட்டை ஏற்றினால் கூடவா? பிரேக் பிடித்தால் பக்கத்துக்குப் பாய்கிறதா?

மலைக்காடு (ஹட்டன்):

கிரீஸ்கை அண்ணை சொல்வது சரிதான், ஆனால் பொக்ஸை அவ்வளவு லேசாக விடவும் கூடாது. எங்கள் தோட்டத்து ஹைலக்ஸிலும் இதே கதை, பொக்ஸுக்கு மேலே இருக்கிற லொக் நட்டைத் தளர்த்தி நடுவில் இருக்கிற ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கினோம், அரைவாசிப் பிரச்சினை அதோடு போனது. பத்து நிமிட வேலை. அதை முதலில் செய்து பார்ப்பதில் என்ன நட்டம்?

கிரீஸ்கை:

நட்டம் இருக்கிறது. மலையில் 30, 40ல் வளைந்து வளைந்து ஓடுகிறவருக்கு அது தெரியாது. பொக்ஸின் பல் அதிகம் தேய்வது நடுவில்தான், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க நேராகத்தான் ஓடியிருக்கும். நடுவில் இருக்கிற ஆட்டத்தை எடுக்க ஸ்குரூவை இறுக்கினால் தேயாத இடத்தில் பல் பிடித்துக்கொள்ளும். அப்போது வளைவில் இருந்து வெளியே வரும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. திரும்பாத ஸ்டியரிங் நேர்ப்பாதையில் இன்னும் மோசமாக அலையும், காரணம் ஒவ்வொரு திருத்தத்தையும் நீயே போய்த் திருப்பி எடுக்கவேண்டும். இறுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகு, சில்லு நேராக நிற்க, கால் சுற்றுக்கும் குறைவாக, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்து இறுக்கு.

டம்பரும் அப்படித்தான். டம்பர் ஆட்டத்தைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது. ஒரு கிழமை நன்றாக இருந்து திரும்பி வந்தது என்றால் காரணம் அங்கேயே இருந்தது.

புதுச்சாரதி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வாகனத்தில் 70ல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் முழுக்க நடுங்குகிறது, ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாது, நிறுத்தினால்தான் அடங்கும். இதுவும் அதுவும் ஒன்றா?

கிரீஸ்கை:

ஒன்றில்லை. அது நடுக்கம், ஒரு வேகத்தில் ஏதாவது தட்டினால் தொடங்கி தானே தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். கிங்பின் பெயரிங் தளர்வு, சில்லு பலன்ஸ், டை ரொட் எண்ட் என்று தொடங்கு. காரணங்கள் சில பொதுவாக வரும், அதற்காக இரண்டையும் குழப்பாதே. தனி இழை தொடங்கு, வந்து எழுதுகிறேன். அதுவரைக்கும் அந்த வாகனத்தை வேகமாக ஓட்டாதே.

வன்னிவயல்:

நேற்றுப் பின்னேரம் தம்பியை மேலே இருத்திவிட்டு நான் கீழே படுத்தேன். ஸ்டியரிங் வளையத்தில் ஆட்டம் 55 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது.

டை ரொட் எண்ட் இரண்டும் இறுக்கம். டிராக் லிங்கின் பின் முனையில் கொஞ்சம் அசைவு தெரிகிறது. பிட்மன் ஆமில் ஒன்றுமில்லை. கொலத்து இறப்பரில் வெடிப்பில்லை. ஆனால் வலப்பக்கச் சில்லுக்கு மேலே, டிராக் லிங்க் வந்து பிடிக்கிற ஆம் இருக்கிறதே, அது நக்கிளோடு (சில்லைத் தாங்கித் திரும்புகிற துண்டு) ஒட்டாமல் தனியாக அசைகிறது! கை வைத்தால் டிக் டிக் என்று தெரிகிறது. நாலு நட்டில் இரண்டு ஸ்பானர் போட முதலே சுற்றுகிறது, ஒரு ஸ்டட்டின் அடியில் துருத் தூள் சிவப்பாக வழிந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: பிரேக் பிடித்தால் பாயவில்லை. நெல் ஏற்றினால் பிரச்சினை குறைகிறது, உண்மையில் இருபது மூட்டையோடு வரும்போது நன்றாகவே ஓடுகிறது. வெறுமையாகத் திரும்பும்போதுதான் அலைச்சல். இது எனக்கு விளங்கவே இல்லை, பாரம் கூடினால் மோசமாகத்தானே வரவேண்டும்?

கிரீஸ்கை:

தம்பி, வாகனத்தை இனி ஓட்டாதே. வயலுக்கும் எடுக்காதே. அந்த ஆம் கழன்றால் ஸ்டியரிங் வளையத்துக்கும் சில்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பொக்ஸ் புதிதாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது. நான் பயங்காட்டச் சொல்லவில்லை, இந்த வகை அச்சில் இது தெரிந்த வருத்தம்.

எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அந்த ஆமை நாலு ஸ்டட் பிடிக்கிறது, ஒவ்வொன்றிலும் நட்டுக்குக் கீழே கூம்பு மாதிரி ஒரு வாஷர், நடுவில் பிளந்தது. அந்தக் கூம்பு ஆமின் துளைக்குள் இறுகி உட்கார்ந்தால்தான் ஆம் பக்கத்துக்கு அசையாது. யாரோ ஒருமுறை அச்சைக் கழற்றிவிட்டு, கூம்பைச் சுத்தம் பண்ணாமல், கிரீஸும் மண்ணுமாகப் போட்டு, கைக்கணக்கில் இறுக்கியிருப்பார்கள். பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் துளி துளியாக அசைந்து ஸ்டட் நீளும், துளை முட்டை வடிவமாகும். சிவப்புத் தூள் என்றாயே, இரும்பும் இரும்பும் உரசின அடையாளம் அது.

செய்யவேண்டியது: நாலு ஸ்டட்டும், நாலு கூம்பும் புதிது. பழையதில் இரண்டை வைத்துக்கொள்வம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கூம்பு கழராவிட்டால் ஆமின் பக்கத்தில் பித்தளைத் தண்டை வைத்து அடி, அதிர்ச்சிக்குத் தானே எழும்பும், ஸ்டட் தலையில் அடித்து மரையைக் கெடுக்காதே. நக்கிளில் மரை பழுதென்றால் அதைச் சரியாக்காமல் ஸ்டட் ஏற்றாதே. இறுக்கம் 96 நியூட்டன் மீட்டர், டோர்க் ஸ்பானர் இல்லாத கராஜ் என்றால் வேறு கராஜ் பார். துளை நீண்டிருந்தால் ஆமும் மாற்றவேண்டும், வெல்டிங் பண்ணி ஒப்பேற்ற விடாதே, ஸ்டியரிங் ஆமில் வெல்டிங் என்பது எனக்குச் சம்மதமில்லை.

அதே நாலு ஸ்டட்தான் கிங்பின் பெயரிங்கையும் மேலே இருந்து அமர்த்துகிறது. ஆகவே ஆம் தளர்ந்தால் அந்தப் பெயரிங்கும் தளர்ந்துதான் இருக்கும். எப்படியும் கழற்றுகிறாய், பெயரிங்கைப் பார்த்துவிடு. சில்லை நேராகப் பிடித்த இடத்தில் பள்ளம் பள்ளமாக அச்சு விழுந்திருந்தால் மாற்று. கூட்டும்போது ஆமுக்கு அடியில் இருக்கிற ஷிம் (மெல்லிய தகடு) எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வை. ஷிம்மைக் குறைத்தால் இறுக்கம் கூடும், ஆனால் மேலும் கீழும் கண்டபடி மாற்றினால் நக்கிள் நடு விட்டு விலகி உள்ளே இருக்கிற ஓயில் சீல் தேயும். டை ரொட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓயில் சீலும் போடாமல், ஆமின் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கொழுவி இழு. 3 முதல் 6 கிலோவுக்குள் நக்கிள் அசையத் தொடங்கவேண்டும். ஒரு விரலால் தள்ளச் சுழன்றால் போதாது.

டிராக் லிங்க் முனை தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கிற கிண்ணமும் ஸ்பிரிங்கும் தனியாக வாங்கலாம். முனையில் இருக்கிற பிளக்கை முழுக்க இறுக்கிவிட்டு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே தளர்த்தி, கொட்டர் பின் துளை ஒத்து வருகிற இடத்தில் பின்னைப் போடு. முழு இறுக்கத்தில் விட்டால் அதுவும் ஸ்டியரிங்கைத் திரும்ப விடாது.

பாரம் ஏற்றினால் நன்றாக ஓடுகிறது என்பதற்குத் தென்திசை வந்து பதில் சொல்லட்டும், அவருக்கு இது கைவந்த வேலை.

தென்திசை (மெல்பேர்ன்):

வந்துவிட்டேன். இங்கே அவுஸ்திரேலியாவில் எல்.என்.106 நிறைய ஓடியது, இப்போதும் பண்ணைகளில் ஓடுகிறது, உயர்த்திக் கெடுத்த வாகனங்களும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வன்னிவயல், ஒன்று கேட்கிறேன். பின்பக்க ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை? வாகனம் வெறுமையாகச் சமதரையில் நிற்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் பின்பக்கம் எழும்பி நிற்கிறதா?

வன்னிவயல்:

ஓம், எழும்பித்தான் நிற்கிறது. எனக்கு முதல் வைத்திருந்தவர் செங்கல் ஏற்றினவர், பின்னுக்கு இரண்டு தடித்த பட்டை கூடப் போட்டிருக்கிறார். அந்தக் காலத்து முன் ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் தாழ்ந்தும் போயிருக்கிறது.

தென்திசை:

அதுதான் உங்கள் புதிரின் மற்றப் பாதி.

சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள், மேற்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால்தான் கையை விட்டாலும் சில்லு நேராக ஓடப் பார்க்கிறது. வாகனத்திலும் கிங்பின் இப்படித்தான் மேற்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும், இதைத்தான் காஸ்டர் என்கிறோம். இந்த முழு அச்சுகளில் அது தொடக்கத்திலேயே அதிகமில்லை, ஓரிரு டிகிரிதான் கையில் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் ஏறத்தாழ 2.85 மீட்டர். பின்பக்கத்தை 5 சென்ரிமீட்டர் தூக்கினால் முழு வாகனமும் மூக்கைக் குத்திக்கொண்டு ஒரு டிகிரி முன்னுக்குச் சாயும், முன் அச்சும் அதோடு சாயும். ஒரு டிகிரி காஸ்டர் போய்விட்டது. 8 சென்ரிமீட்டர் என்றால் ஒன்றரை டிகிரிக்கு மேலே. முன் ஸ்பிரிங் தாழ்ந்ததையும் கூட்டுங்கள். இருந்ததே ஓரிரு டிகிரி, மிச்சம் எங்கே? சில்லுக்கு நடுவுக்குத் திரும்பும் எண்ணமே இல்லாமல் போகிறது. நெல் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும், காஸ்டர் திரும்பி வரும், வாகனம் நேராகும். ஆகவே உங்கள் வாகனத்தில் இரண்டு வருத்தம் சேர்ந்து இருக்கிறது, தளர்ந்த ஆம் ஒன்று, சாய்வு குறைந்த அச்சு மற்றது. முதலாவதைத் திருத்தினால் உயிர் தப்பும், இரண்டாவதையும் திருத்தினால்தான் ஏ9ல் நிம்மதியாக ஓடலாம்.

அலைன்மென்ட் பார்த்தார்கள் என்றீர்கள். அச்சு முழுத்துண்டாக உள்ள வாகனத்தில் அலைன்மென்ட் கடையில் திருப்பக்கூடியது டோ (முன் சில்லு இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கிற அளவு) மட்டும்தான். காஸ்டரை அளந்து தாளில் தருவார்கள், மாற்ற அவர்களிடம் திருகாணி எதுவும் இல்லை. அந்தத் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

மலைக்காடு:

அப்படியென்றால் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்பு வைத்து அச்சைச் சாய்க்கவேண்டியதுதானே? இங்கே ஒரு கராஜில் அலுமினிய ஆப்பு விற்கிறார்கள், இரண்டு டிகிரி, நாலு டிகிரி என்று.

தென்திசை:

அலுமினியம் வேண்டாம். நசுங்கும், நசுங்கினால் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் தளரும், யூ போல்ட் தளர்ந்தால் அச்சே இடம் மாறும். வைப்பதென்றால் இரும்பு ஆப்பு, ஸ்பிரிங்கின் நடு ஆணியும் நீளமானதாக மாற்றவேண்டும், யூ போல்ட் புதிது, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப இறுக்கவேண்டும். ஹைலக்ஸ் மாதிரி ஸ்பிரிங் அச்சுக்கு மேலே உட்காருகிற வாகனத்தில் தடித்த பக்கம் பின்னோக்கி வரவேண்டும். ஸ்பிரிங் கீழே இருக்கிற வாகனத்தில் இது தலைகீழ். மாறி வைத்தால் ஓட்டவே முடியாது, அப்படி மாறி வைத்த வாகனம் ஒன்று என் கைக்கு வந்தது.

இன்னொன்று, கிங்பின்னைப் பின்னோக்கிச் சாய்த்தால் அதே அச்சில் இருக்கிற டிஃபரன்ஷலின் மூக்கு கீழே இறங்கும், முன் புரொப்பெலர் ஷாஃப்டின் கோணம் கூடும். நாலு டிகிரி என்று பேராசைப்பட்டால் நாலு சில்லிலும் போட்டு ஓடும்போது கிறுகிறு என்று அதிரும். இரண்டு டிகிரி போதும்.

ஆனால் வன்னிவயலுக்கு என் முதல் ஆலோசனை ஆப்பு இல்லை. பின்னால் கூடப் போட்ட பட்டையில் ஒன்றைக் கழற்றிவிட்டு, முன் ஸ்பிரிங்கைக் கழற்றி வளைவு எடுத்துப் போடுங்கள். இழந்த சாய்வு வந்த வழியே திரும்பி வரும். அதோடு முன் ஸ்பிரிங்கின் இறப்பர் புஷ் அத்தனையும் மாற்றுங்கள். இந்த அச்சை இடத்தில் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங்தான். புஷ் போனால் அச்சு இடம் விட்டு நகரும், அதற்கு எந்த ஸ்டியரிங் பொக்ஸும் மருந்தில்லை.

கிரீஸ்கை:

பின் அச்சின் யூ போல்ட்டையும் சேர்த்துப் பார். செங்கல் ஏற்றின வாகனம் என்கிறாய். பின் அச்சு ஒரு பக்கம் கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்தால் வாகனம் பின்னால் இருந்து ஸ்டியரிங் பிடிக்கும். பிறகு, பொக்ஸைச் சேசியில் பிடிக்கிற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டு ரோர்ச் அடித்துப் பார், பழைய டொயோட்டா கெப்பில் அந்த இடத்தில் சேசி வெடிப்பது உண்டு.

வன்னிவயல்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், அறுவடை முடியும் வரை வாகனத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன், நெல்லுக்கு உழவு இயந்திரம் பிடித்தேன்.

வேலையை வேறொரு கராஜில், நான் பக்கத்தில் நின்று செய்வித்தேன். ஆமைக் கழற்றியபோது ஒரு ஸ்டட் கையோடு முறிந்து வந்தது, ஏற்கனவே அரைவாசிக்கு மேல் வெடித்திருந்தது, வெடித்த முகம் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா இனி இந்த வாகனத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டா. ஆமின் துளைகள் நல்லபடி இருந்தன. வலப்பக்கக் கிங்பின் பெயரிங் இரண்டும் அச்சு விழுந்து போயிருந்தது, இடப்பக்கம் பரவாயில்லை என்றாலும் நாலையும் மாற்றினோம், சீல் கிட்டும் சேர்த்து. ஸ்பிரிங் தராசு சந்தையில் மீன்காரரிடம் கடன் வாங்கினது, நாலரைக் கிலோவில் நிற்கிறது. டிராக் லிங்கின் பின் முனைக்குக் கிண்ணமும் ஸ்பிரிங்கும் புதிது. எல்லாம் சேர்த்து, கூலியோடு, பொக்ஸின் விலையில் மூன்றில் ஒன்றும் வரவில்லை.

அதோடு ஓட்டிப் பார்த்தேன். வளையத்தில் ஆட்டம் 20 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது, டிக் டிக் இல்லை, ஆனால் வெறுமையாக 70ல் இன்னும் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தது. தென்திசை அண்ணை சொன்னது அப்படியே. பிறகுதான் பின்னால் ஒரு பட்டையை எடுத்துவிட்டு, முன் ஸ்பிரிங்கை வளைவு எடுத்து, புஷ் மாற்றி, டோவைத் திரும்பப் பார்த்தேன். ரேடியல் ரயர் என்பதால் முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர் உள்நோக்கி வைத்தார்கள்.

பரந்தனில் இருந்து ஆனையிறவு தாண்டும் வரைக்கும் 80ல், பக்கக்காற்றும் அடித்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனேன். வளைவில் இருந்து வந்தால் வளையம் தானே நடுவுக்கு வருகிறது, அந்த வாகனத்தில் நான் இதுவரை காணாத ஒன்று. பொக்ஸைத் தொடவே இல்லை. சேசியிலும் வெடிப்பில்லை.

ஒரு கேள்வி மிச்சம். ஒரு பட்டை எடுத்ததால் முழுப் பாரத்தில் பின்பக்கம் முன்பைவிட இறங்குகிறது. மிச்சமிருக்கிற கூடுதல் பட்டையோடு இருபது மூட்டை ஏற்றலாமா?

தென்திசை:

மூட்டையின் எடையைக் கணக்குப் போடுங்கள். 65 கிலோ மூட்டை என்றால் இருபது மூட்டை 1,300 கிலோ. டபுள் கெப்புக்கு அது கம்பனி சொன்ன அளவைவிட எவ்வளவோ அதிகம், ஸ்பிரிங் தாங்கினாலும் பிரேக்கும் பின் அச்சும் அதற்குச் செய்ததில்லை. பன்னிரண்டு ஏற்றி இரண்டு நடை அடியுங்கள். மிச்சப் பட்டையை இப்போதைக்கு விடுங்கள்.

கிரீஸ்கை:

ஸ்டட் நாலையும் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை டோர்க் ஸ்பானர் வைத்துப் பார். இடப்பக்கமும் பார். கீழே டை ரொட் பிடிக்கிற ஆமிலும் அதே கூம்பு வாஷர்தான், அதை நீ எழுதவே இல்லை, பார்த்தாயா?

வன்னிவயல்:

இரண்டு பக்கமும் மேலும் கீழும் கழற்றிச் சுத்தம் செய்து, கூம்பு எல்லாம் புதிது போட்டு, 96ல் இறுக்கினது அண்ணை. ஸ்பானர் கராஜில் இருந்தது. ஆயிரத்தில் திரும்பக் கொண்டுபோகிறேன்.